கவுண்ட் இறங்கியிருக்கும்போது காய்ச்சல்: லுகேமியா கீமோவில் வரும் தொற்றுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் புற்றுநோய் வார்டில் இரவு நேரம் போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சிஸ்டர், காய்ச்சல் நூறு புள்ளி ஆறு இருக்கு. காலையில கூட்டிட்டு வரலாமா?” அந்தப் போனை எடுக்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்தக் கேள்விக்கும், அதைச் சுற்றி வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். அக்யூட் லுகேமியாவுக்கு (வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்) தீவிர கீமோ எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ‘கவுண்ட்’ என்று நான் சொல்வது, கிருமியோடு சண்டையிடும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கையை. மாத்திரையிலேயே சமாளிக்கும் நாள்பட்ட லுகேமியாக்காரர்களுக்கு இதில் பல விஷயங்கள் பொருந்தாது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால், உங்களுக்கு அவர் சொன்னதுதான்.

கீமோ புற்றுநோய் செல்லைத்தானே அழிக்க வேண்டும்? தொற்று ஏன் வருகிறது?

தீவிர கீமோவுக்கு நல்ல செல், கெட்ட செல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் எதையும் அடிக்கும். எலும்பு மஜ்ஜை ராப்பகலாக உற்பத்தி நடக்கும் இடம். அடி அங்கேதான் பலமாக விழுகிறது. மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். தட்டணு ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் விழுங்கிக் கொல்லும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவோ ரத்தத்தில் மணிக்கணக்கில்தான் சுற்றும். மஜ்ஜை தினமும் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் கையிருப்பு நிற்கும். உற்பத்தி நின்றால் முதலில் காலியாவது இதுதான்.

மைலாய்டு வகை அக்யூட் லுகேமியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் முதல் சுற்றை வார்டில் ‘ஏழும் மூன்றும்’ என்போம். சைட்டராபின் 7 நாள், டானோரூபிசின் போன்ற மருந்து 3 நாள். மருந்து முடிந்தாலும் கவுண்ட் திரும்பி ஏற, கீமோ தொடங்கிய நாளிலிருந்து மூன்று, நான்கு வாரம் ஆகும். நடுவில் பல நாட்கள் நியூட்ரோபில் கிட்டத்தட்ட பூஜ்யம். அக்யூட் லுகேமியாவின் இன்னொரு வகையான லிம்போசைட் வகையில், கவுண்ட் விழும் பள்ளம் சிலருக்கு இவ்வளவு ஆழமாக இருக்காது. ஆனால் அதில் ஸ்டீராய்டு சேர்ந்து வருகிறது. அதன் தொல்லையைக் கீழே சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் வெள்ளையணு 40,000 என்று இருக்கிறது. பிறகு எப்படி எதிர்ப்புச் சக்தி இல்லை என்கிறீர்கள்?

நோய் கண்டுபிடித்த புதிதில் எல்லோரும் குழம்பும் இடம் இது. அந்த 40,000-ல் பெரும்பகுதி பிளாஸ்ட், அதாவது முதிராத லுகேமியா செல். அவை எண்ணிக்கையில் சேரும், வேலைக்கு ஆகாது. பார்க்க வேண்டியது நியூட்ரோபில் கவுண்டை மட்டும்தான்.

கணக்கு எளிது. மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். மொத்தம் 1,200, நியூட்ரோபில் 10 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தால் கவுண்ட் 120. ‘பேண்ட்’ என்று தனியாக ஒரு சதவீதம் போட்டிருந்தால் அதையும் நியூட்ரோபிலோடு கூட்டிக்கொள்ளுங்கள். சில லேப்களில் ஆயிரத்தில் போட்டு 0.12 என்று அச்சடிப்பார்கள். அதுவும் இதே 120 தான். 0.12-ஐப் பார்த்துவிட்டுப் பதறி அழுதவர்களும் உண்டு, 120-ஐப் பார்த்துவிட்டு ‘மூன்று இலக்கம் வந்துவிட்டதே’ என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

எவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்து?

500-க்குக் கீழே போனால், அல்லது அடுத்த இரண்டு நாளில் 500-க்குக் கீழே போகும் என்று தெரிந்தால், நாங்கள் அதைக் கடுமையான குறைவாக எடுத்துக்கொள்வோம். 100-க்குக் கீழே போனால் மிகக் கடுமை.

இந்த எண்களை யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 1966-ல் ஜெரால்டு போடியும் சக மருத்துவர்களும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 52 அக்யூட் லுகேமியா நோயாளிகளின் கவுண்டையும் தொற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கவுண்ட் 1,000-க்குக் கீழே இறங்கும்போது தொற்று கூடுகிறது, 100-க்குக் கீழே மிக அதிகமாகிறது, எத்தனை நாள் கீழேயே கிடக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம் என்று தெரிந்தது. இன்றைக்கும் எங்கள் கணக்கு அதை ஒட்டித்தான் ஓடுகிறது. ஒரு வாரத்துக்கு மேல் கவுண்ட் எழும்பாது என்று தெரிந்தவர்களை அதிக ஆபத்துள்ளவர்கள் என்று முதலிலேயே குறித்து வைப்போம். அக்யூட் லுகேமியாவின் முதல் சுற்றில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பட்டியலில் வருவார்கள்.

வீட்டில் யாருக்கும் சளிகூட இல்லை. கிருமி எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் நோயாளியின் உடம்பிலிருந்தே வந்திருக்கும். இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். யாரோ பார்க்க வந்தவர் தலையில் பழியைப் போட்டு, குடும்பத்துக்குள் சண்டையே நடந்திருக்கிறது.

நம் குடலில் ஈ.கோலி, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பிறந்ததிலிருந்து குடியிருக்கின்றன. வாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், தோலில் ஸ்டாபிலோகாக்கஸ். குடல் சுவரும் தோலும் முழுசாக இருக்கிறவரை அவை வெளியேதான் கிடக்கும். கீமோ மஜ்ஜையை அடிக்கிற அதே நாட்களில் வாயிலிருந்து ஆசனவாய் வரையுள்ள உள்தோலையும் புண்ணாக்கிவிடுகிறது. வாயில் வந்த புண் கண்ணுக்குத் தெரியும். குடலில் வந்தது தெரியாது. அந்தப் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கும்போது தடுக்க நியூட்ரோபில் இல்லை. வேலியும் போய், காவலும் போன நிலை.

இந்தக் குடல் கிருமிகளும், அவற்றோடு சூடோமோனாஸும்தான் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கக் கூடியவை. தோல் கிருமிகள் பெரும்பாலும் லைன் (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் வைத்திருக்கும் குழாய்) வழியாக நுழையும், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். அதிக அளவு சைட்டராபின் எடுத்து வாய் முழுக்கப் புண் வந்தவர்களுக்கு வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் பயங்கரமாகத் திரும்பலாம்; ரத்த அழுத்தத்தைச் சரிக்கும், நுரையீரலைப் பாதிக்கும்.

வெளியிலிருந்து வருபவையும் இல்லாமல் இல்லை. ஃப்ளூ போன்ற சளிக் காய்ச்சல் வைரஸ்கள் மனிதர்களிடமிருந்து வருகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் தூசியில் மிதந்து மூச்சோடு போகின்றன. சில வைரஸ்களோ முன்பு எப்போதோ வந்து உடம்புக்குள் தூங்கிக் கொண்டிருந்தவை. உதட்டுப் புண் தரும் ஹெர்பிஸும் அக்கியும் அப்படி எழுபவை.

காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி?

வாயில் வைத்துப் பார்க்கையில் ஒரே ஒரு முறை 101 டிகிரி பாரன்ஹீட் (38.3 செல்சியஸ்) காட்டினாலும் காய்ச்சல்தான். 100.4 (38.0) ஒரு மணி நேரம் நீடித்தாலும் காய்ச்சல். பல மருத்துவமனைகளில் வீட்டில் இருப்பவர்களிடம் ‘100.4 வந்ததும் கூப்பிடுங்கள்’ என்றே சொல்லிவிடுவார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து பார்ப்பதெல்லாம் எங்கள் வேலை.

தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள். அக்குளில் வைத்தால் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். சூடாக எதையாவது குடித்தவுடன் வாயில் வைத்தால் தப்பாகக் காட்டும், கால் மணி நேரம் விட்டு வையுங்கள். ஆசனவாயில் மட்டும் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது, குழந்தையாக இருந்தாலும்.

பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு இரவை அப்படியே சொல்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகி மூன்றாம் நாள். சாயங்காலம் ஏழு மணிக்கு உடம்பு கொஞ்சம் கதகதப்பு, 100.8. “இப்பதான் வீட்டுக்கு வந்தோம், மறுபடியும் அட்மிஷனா” என்ற சலிப்பு. ஒரு பாரசிட்டமால். எட்டரைக்கு 98.9, வியர்த்துவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி. நோயாளி தூங்குகிறார். பன்னிரண்டு மணிக்குக் குளிர் நடுக்கம், கட்டிலே ஆடுகிறது. ஒரு மணிக்குப் பேச்சு குழறுகிறது. இரண்டு மணிக்கு எங்களிடம் வந்தபோது ரத்த அழுத்தம் 70-க்கு 40. மாத்திரை இறக்கியது தெர்மாமீட்டரின் எண்ணை மட்டும்தான். கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருந்தது. ஏழு மணிக்கு ஒரு டிரிப்ஸில் முடிந்திருக்கக் கூடியது ஐசியு வரை போனது. அவர் பிழைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

வலிக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். தலைவலி, உடம்புவலி என்று மாத்திரை எடுக்கும் முன் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள். தட்டணுவும் குறைந்திருக்கும் நேரத்தில் ரத்தக்கசிவுக்கு அவை வழி செய்யும்.

காய்ச்சல் இல்லாமலே தொற்று இருக்குமா?

இருக்கும். ப்ரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு உடம்பு கொதிக்காது. லிம்போசைட் வகைக்கான சிகிச்சையின் முதல் மாதத்தில் தினமும் ஸ்டீராய்டு ஓடுவதால் இந்த ஏமாற்று அங்கே அதிகம். வயதானவர்களுக்கும் அப்படித்தான். சிலருக்கு வெப்பநிலை வழக்கத்தைவிடக் குறைந்தே போகும். அது இன்னும் மோசமான அறிகுறி.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்தான். நியூட்ரோபில் இல்லாதவருக்குச் சீழ் எப்படிக் கட்டும்? புண் வீங்காது, சிவக்காது. நிமோனியா இருந்தும் சளி வராது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். சிறுநீர்த் தொற்று இருந்தும் பரிசோதனையில் வெள்ளையணு தெரியாது. பெரும்பாலும் மிஞ்சி நிற்பது வலி மட்டும்தான். “இங்கே லேசா வலிக்குது, ஆனா பாக்க ஒண்ணுமில்ல” என்று நோயாளி சொன்னால் நான் அந்த இடத்தை இரண்டு முறை பார்ப்பேன்.

ஆகவே குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், தலைசுற்றல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், வயிற்றுவலி, திடீரென எழுந்திருக்கவே முடியாத அசதி, இவற்றில் எது வந்தாலும் தெர்மாமீட்டர் 98 காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?

ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் பார்ப்போம். கூடவே ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) இரண்டு செட்: ஒன்று லைனிலிருந்து (அதில் இரண்டு குழாய் இருந்தால் இரண்டிலிருந்தும்), இன்னொன்று கை நரம்பிலிருந்து. ஏன் இத்தனை இடத்தில் குத்துகிறீர்கள் என்று கோபப்படுவார்கள். லைன் ரத்தத்தில் கிருமி, கை ரத்தத்தைவிட இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் முந்தி வளர்ந்தால் கிருமியின் கூடாரம் லைனில்தான் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் இரண்டு இடம்.

கல்ச்சர் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக். பிப்பரசிலின்-டாசோபாக்டம், செஃபிபிம், மெரோபெனம் போன்ற ஒன்று, நரம்பு வழியாக. வந்ததிலிருந்து 60 நிமிடத்துக்குள் ஏற வேண்டும் என்பது இலக்கு. எந்தக் கிருமி என்று தெரியும் முன்பே கொடுக்கிறோம், வேண்டுமென்றேதான். 1970 வரை கல்ச்சர் முடிவு வரட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இருந்தது. சூடோமோனாஸ் ரத்தத்தில் இறங்கியவர்கள் பலர் முடிவு வருமுன்பே இறந்துபோனார்கள். 1971-ல் ஸ்டீபன் ஷிம்ஃப் குழு, காய்ச்சல் வந்ததுமே கார்பெனிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்கி நல்ல பலன் கண்டதாக எழுதியது. மருந்துகள் மாறிவிட்டன, ‘முதலில் கொடு, பிறகு கண்டுபிடி’ என்ற ஒழுங்கு மாறவில்லை.

முன்பு எப்போதாவது கல்ச்சரில் மருந்துக்கு அடங்காத கிருமி வந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். முதல் டோஸிலேயே எந்த மருந்து என்பதை அது மாற்றிவிடும். எமர்ஜென்சி வாசலில் நிற்கும்போது அந்தத் தாளுக்கு நிகரான உதவி வேறில்லை.

வாங்கோமைசின் எல்லோருக்கும் கிடையாது. லைனில் தொற்று, தோலில் தொற்று, ரத்த அழுத்தம் சரிவு என்று காரணம் இருந்தால் சேர்ப்பார்கள்.

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. அப்படியென்றால் தொற்று இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. கவுண்ட் குறைந்த நிலையில் வரும் காய்ச்சல்களில் ரத்தத்தில் கிருமி பிடிபடுவது 10 முதல் 25 சதவீதத்தில்தான். மற்றவர்களில் சிலருக்கு நிமோனியா, வயிறு, தோல் என்று இடமாவது தெரியும். பலருக்குக் கடைசி வரை காரணமே தெரியாது, காய்ச்சல் மட்டும் ஆன்டிபயாடிக்கில் அடங்கிவிடும். ரத்தப் புற்றுநோய்களுக்கு கீமோ எடுப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ஏதாவது ஒரு சுற்றில் இந்தக் காய்ச்சல் வருகிறது. ஆகவே உங்கள் கவனிப்பில் குறை என்று நினைத்து மனம் நோக வேண்டாம்.

ஆன்டிபயாடிக் ஆரம்பித்து மூன்று நாளாயிற்று, காய்ச்சல் விடவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா?

மூன்று நாளில் விடாததே பயப்படக் காரணம் ஆகாது. ரத்த அழுத்தம் சரியாக இருந்து, ஆள் எழுந்து உட்கார்ந்து பேசினால் டாக்டர் மருந்தை மாற்றாமலே பொறுத்துப் பார்ப்பார். அந்தப் பொறுமை வீட்டாருக்கு அலட்சியமாகத் தெரியும். மருந்துக்கு மேல் மருந்து ஏற்றிக்கொண்டே போனால் அடுத்த முறை எதற்கும் அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

நான்கு முதல் ஏழு நாள் தாண்டியும் காய்ச்சல் நின்றால் பூஞ்சையைத் தேடுவோம். நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் தெரியாதது அதில் தெரியும். கேலக்டோமேனன் என்ற ரத்தப் பரிசோதனை ஆஸ்பெர்ஜில்லஸின் சுவடைக் காட்டும். வலது பக்க அடிவயிறு வலித்து, பேதியும் காய்ச்சலும் சேர்ந்தால் குடல் சுவர் அழற்சியா என்று வயிற்றுக்கும் ஸ்கேன். பேதி அதிகமானால் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமிக்கு மலப் பரிசோதனை. ஆன்டிபயாடிக் எடுப்பதாலேயே தலைதூக்கும் கிருமி அது.

எல்லாக் காய்ச்சலும் கிருமியால் வருவதல்ல. சைட்டராபினே காய்ச்சல் தரும். ரத்தம் ஏற்றும்போது வரும். லுகேமியாவே தரும். ஆனால் அந்த முடிவுக்குத் தொற்றை விலக்கிய பிறகுதான் வருவோம்.

பூஞ்சை என்றால் தோலில் வரும் படைதானே, அதற்கு ஏன் இவ்வளவு பயம்?

படை வேறு. கவுண்ட் பல நாள் கீழே கிடந்தவருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலில் வேரூன்றி ரத்தக் குழாய்க்குள்ளேயே வளரும். லேசான இருமல், மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்து, சளியில் ரத்தக் கீற்று என்று தொடங்கும். மியூகர் என்ற பூஞ்சை இன்னும் முரடு: ஒரு பக்கம் மூக்கடைப்பு, கன்னத்தில் வலி, கண் வீக்கம், மூக்குக்குள் கறுத்த பொருக்கு. வழக்கமாக ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மியூகரிடம் செல்லாது. அதற்கு லிப்போசோமல் ஆம்போடெரிசினும், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையும் தேவை. ஆகவே முகத்தில் ஒரு பக்கமாக வலி என்றால் சைனஸ் என்று ஆவி பிடித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள்.

மைலாய்டு வகையில் முதல் சுற்றிலேயே போசகோனசோல் போன்ற தடுப்பு மருந்து கொடுப்பது வழக்கம். லிம்போசைட் வகையில் அப்படிக் கொடுக்கத் தயங்குவார்கள். அங்கே கீமோவில் வின்கிரிஸ்டின் இருக்கிறது. இந்த வகைப் பூஞ்சை மருந்து வின்கிரிஸ்டினை உடம்பை விட்டுப் போகவிடாமல் தேக்கிவைத்து, நரம்புத் தளர்ச்சியும் கடும் மலச்சிக்கலும் வரவழைத்துவிடும். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்த மாத்திரையை நமக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மற்றத் தடுப்பு மாத்திரைகள் எதற்கு?

அசைக்ளோவிர் ஹெர்பிஸும் அக்கியும் எழாமல் இருக்க. கோட்ரைமாக்சசோல் நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றுக்கு, முக்கியமாக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு. லீவோஃப்ளாக்சசின் சில இடங்களில் கொடுப்பார்கள், சில இடங்களில் கிருமிகள் அதற்குப் பழகிவிட்டதால் கொடுப்பதில்லை. கீமோவுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்வதும் இந்தக் கணக்குத்தான். பழைய வைரஸ் கல்லீரலில் பதுங்கியிருந்தால் கீமோவில் எழுந்துகொள்ளும், முன்கூட்டியே மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும்.

பிக் லைன், போர்ட் இவற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கையில் போடும் பிக் லைனோ, தோலுக்கடியில் வைக்கும் போர்ட்டோ, லைன் என்பது தோலிலிருந்து இதயத்துக்கு அருகே வரை போகும் நேர்ப்பாதை. தொடுபவர் யாராக இருந்தாலும் முதலில் கை கழுவ வேண்டும், மூடியைத் திறக்கும் முன் ஆல்கஹாலால் நன்றாகத் தேய்த்து, காய விட வேண்டும். காயும் அந்தச் சில விநாடிகளில்தான் கிருமி சாகிறது. ஈரத்தோடு சிரிஞ்சை மாட்டினால் தேய்த்தது வீண். நர்ஸ் அவசரத்தில் விட்டுவிட்டால் நோயாளியே சொல்லலாம். என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள், அந்த நேரம் சுருக்கென்றுதான் இருந்தது, சொன்னது சரி.

மேலே ஒட்டியிருக்கும் டிரெஸ்ஸிங் நனைந்தாலோ ஓரம் எழுந்தாலோ அன்றே மாற்ற வேண்டும். லைனில் மருந்தோ உப்புத் தண்ணீரோ தள்ளிய அரை மணி, ஒரு மணி நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் லைனுக்குள்ளேயே கிருமி இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு தகவலை நீங்கள் கவனித்துச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

சாப்பாட்டில் பச்சையாக எதுவுமே கூடாதா?

பழங்கள்கூடக் கூடாது என்று கண்டிப்பாக இருந்த காலம் உண்டு. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் மைலாய்டு லுகேமியாவின் முதல் சுற்றில் இருந்த 153 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேகவைத்த உணவு மட்டும், இன்னொரு பாதிக்குப் பச்சைப் பழமும் காய்கறியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய தொற்றுகளில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே நன்றாகக் கழுவிய பழத்துக்கு இன்று பல டாக்டர்கள் தடை போடுவதில்லை. வேகாத இறைச்சி, மீன், பச்சை முட்டை, காய்ச்சாத பால், நெடுநேரம் வெளியில் கிடந்த உணவு ஆகியவை மட்டும் எந்தக் கட்சியாக இருந்தாலும் கூடாது. என் சொந்தக் கவலை வேறு: பயத்தில் ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் நோயாளி எதையுமே சாப்பிடாமல் எடை இழந்து நிற்பார். அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பார்க்க வருபவர்கள், குழந்தைகள், செடி, நாய், பூனை?

சளி, இருமல், பேதி, அம்மை உள்ளவர்கள் வரவே வேண்டாம். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வரலாம். பேதி உள்ள நோயாளியைத் தொட்டால் சோப்பும் தண்ணீரும்தான். டிஃபிசில் கிருமியின் வித்து ஆல்கஹால் ஜெல்லில் சாகாது. பூங்கொத்தும் மண் தொட்டியும் அறைக்குள் வேண்டாம். இடிப்பு வேலை, கட்டட வேலை நடக்கும் பக்கமே போகக்கூடாது, தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் இருக்கும். வளர்ப்புப் பிராணியைத் துரத்திவிட வேண்டியதில்லை; அதன் கழிவை நோயாளி அள்ளாமல் இருந்தால் சரி.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மலம் கழிக்கும்போது வலிக்கிறது…

கூச்சப்படாமல் அன்றைக்கே சொல்லுங்கள். ஆசனவாயில் ஒரு சின்ன வெடிப்பு, இறுகிய மலம் கிழித்த கீறல், பழைய மூலம் எதுவும் குடல் கிருமிக்குக் கதவு. பார்த்தால் வீக்கம்கூட இருக்காது, வலி மட்டும் உயிர் போகும். ஒரு வாரம் மறைத்து வைத்துவிட்டுக் கடும் தொற்றோடு வந்தவர்கள் உண்டு. மலம் இளக மருந்து கேளுங்கள். எனிமாவும், ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் வேண்டாம்.

தடுப்பூசி போடலாமா?

உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் (தட்டம்மை, சின்னம்மை, வாய்வழி போலியோ, பிசிஜி) நோயாளிக்குக் கூடாது. ஃப்ளூ ஊசியை எப்போது போடலாம் என்று டாக்டர் சொல்வார். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக் குழந்தைக்குப் போலியோ என்றால் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி கேளுங்கள். சொட்டு மருந்து வைரஸ் மலத்தில் வெளியேறும்.

ஊசி போட்டுக் கவுண்டை ஏற்றிவிட முடியாதா?

மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி, கவுண்ட் பள்ளத்தில் கிடக்கும் காலத்தில் சில நாட்களைக் குறைக்கும், பள்ளத்தை அடியோடு இல்லாமல் செய்யாது. லுகேமியாவில் அதை எப்போது போடுவது, போடுவதா என்பது டாக்டரின் கணக்கு. மஜ்ஜை வெறுமையாகக் கிடக்கும் முதல் வாரத்தில் எந்த ஊசியும் அற்புதம் செய்யாது.

கவுண்ட் ஏறுகிறது என்கிறீர்கள், இருமல் மட்டும் கூடிவிட்டதே?

விசித்திரமான கட்டம் இது. புது நியூட்ரோபில்கள் வந்து, நுரையீரலில் பதுங்கியிருந்த கிருமியோடு சண்டை தொடங்குகின்றன. ஸ்கேனில் திட்டு பெரிதாகத் தெரியலாம், இத்தனை நாள் சாதுவாக இருந்த புண் சிவந்து வீங்கலாம். பல நேரம் குணமாவதன் சத்தம்தான் அது. ஆனால் மூச்சுத் திணறலோ சளியில் ரத்தமோ இருந்தால் உடனே பார்க்க வேண்டும். பூஞ்சை அரித்த இடத்தில் பெரிய ரத்தக்கசிவு வருவதும் இந்த நாட்களில்தான்.

தொற்று வந்ததால் அடுத்த கீமோ தள்ளிப்போகுமா?

போகலாம். சாதாரணக் காய்ச்சல் அடங்கிவிட்டால் சில நாட்கள்தான். நுரையீரலில் பூஞ்சை பிடித்திருந்தால் அது கட்டுக்குள் வரும் வரை காத்திருப்பார்கள், பிறகு பூஞ்சை மருந்தை நிறுத்தாமலே அடுத்த சுற்றைத் தொடங்குவார்கள். ரொம்பத் தள்ளினால் லுகேமியா திரும்பும் என்பதால் இதில் கயிற்றின் மேல் நடப்பது போலத்தான் டாக்டரின் நிலை.

ராத்திரி போன் செய்தால் என்ன சொல்ல வேண்டும்?

முதலில் “லுகேமியா, கீமோ எடுத்தவர், காய்ச்சல்” என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். பிறகு கடைசி கீமோ எந்தத் தேதி, கடைசியாகப் பார்த்த கவுண்ட் எவ்வளவு, எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, நடுக்கம் உண்டா, லைன் இருக்கிறதா, எந்த மருந்துக்கு அலர்ஜி. வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் டிக்கெட் கவுண்டர் வரிசையில் நிற்காமல் இதே மூன்று சொற்களை எமர்ஜென்சி வாசலில் சொல்லுங்கள். ‘சாதாரணக் காய்ச்சல்தானே, உட்காருங்கள்’ என்று பதில் வந்தால் கவுண்ட் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுங்கள். பை ஒன்றில் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, தெர்மாமீட்டர், போன் சார்ஜர் எல்லாம் எடுத்துவைத்துக் கதவருகே மாட்டிவிடுங்கள். வண்டி வரும்வரை பாரசிட்டமால் வேண்டாம்.